கழற்றிய காரில் நீ வைத்தது

நேற்று புதுக் காருக்குப் பூசை போடக் கிள்ளான் கோயிலுக்குப் போயிருந்தேன். பதறாதே, பந்தயத்துக்கு வாங்கிய கார் இல்லை. ஆபீசுக்குப் போகவும் அம்மாவைக் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கூட்டிப்போகவும் வாங்கிய சாதாரணக் கார்தான். ஐயர் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. வாசனை கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. பிறகு தட்டிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து நீட்டினார்.

"இதை உள்ள வச்சுக்குங்கம்மா."

என் கை எழவில்லை. "வாங்கேன்டி, சாமி எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டு நிப்பாரு?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா. அவர்கள் இருவருக்கும் என்ன தெரியும்? அந்தப் பழத்தின் கதை உனக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

அந்த வெள்ளைக் காரைச் சொல்கிறேன். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தினமும் என்னைச் சுமந்த மூன்று கதவுக் கார். காப்பீட்டு ஆபீசில் பகலெல்லாம் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்டவளுக்கு சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டும் ஆசை வந்தது கண்டு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். நீ அடித்துக்கொள்ளவில்லை. "ஓட்டுறதுன்னா ஒழுங்கா ஓட்டு. காரை நான் ரெடி பண்றேன்," என்றாய். பள்ளிக்கூடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கணக்கைத் திருத்திய தோழியின் அதே குரல். அதற்குள் நீ சுபாங்கில் விமானங்களைக் கழற்றிப் பூட்டும் டெக்னீஷியன் ஆகியிருந்தாய். காரெல்லாம் உனக்கு விளையாட்டுச் சாமான்.

எடை குறைய உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றுவது என்று உன் வீட்டுப் போர்ச்சில் ஆரம்பித்தோம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாய். நான் அவசரக் குடுக்கை, உடனே சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய்.

"இருடி! அந்த மஞ்சள் வயர் ஏர்பேக்கோடது. உள்ள இருக்கிற கரண்ட் இறங்கட்டும். இப்பத் தொட்டா மூஞ்சி போயிரும்."

"போனாப் போகுது லா. இருக்கிற மூஞ்சிய யாரு பார்த்தா?"

நீ சிரிக்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் உனக்குச் சிரிப்பு வராது. வெள்ளைத் துண்டை விரித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் மார்க்கரால் இடம் வரைந்திருந்தாய். வேலை முடிந்ததும் எல்லா இடமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒருநாள் நட்டுக் கழற்றும் ஒரு சின்ன சாக்கெட் காணாமல் போய், சாப்பிடக்கூட விடாமல் காரைத் தலைகீழாகப் புரட்டித் தேட வைத்தாய். கடைசியில் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. திட்டுவாய் என்று பார்த்தேன். திட்டவில்லை, முகம்தான் வெளுத்திருந்தது. "கட்டாம கிடக்கிறது எல்லாம் ஒருநாள் பறக்கும்டி. பிளேன்ல பார்த்திருக்கேன்," என்றாய்.

பின்சீட்டைத் தூக்கியதும் என் வாழ்க்கை முழுவதும் அங்கே கிடந்தது. பார்க்கிங் சீட்டுகள், காய்ந்த மல்லிகைச் சரம், காணாமல் போனதாக நான் அழுத ஒற்றைக் கம்மல். அப்புறம் கம்பளம், கதவுகளின் உள்பலகை, அதற்குப் பின்னால் இருந்த பஞ்சு, கூரைத்துணி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தரையில் சத்தம் வராமலிருக்க ஒட்டியிருந்த தார்த்தகடுதான் நம்மை ஒரு கை பார்த்தது. மீன் வியாபாரியிடம் சொல்லிவைத்து டிரை ஐஸ் வாங்கிவந்து அதன்மேல் பரப்பினாய். புகை அடங்கியதும் சுத்தியலால் தட்டினால், குளிரில் உறைந்த தார் முறுக்கு மாதிரி நொறுங்கியது. கையுறை போட்டுக்கொண்டு துண்டுதுண்டாகப் பெயர்த்தோம். அடியில் வெறும் தகரம்.

டேஷ்போர்டில் அம்மா ஒட்டிவைத்த பிள்ளையார் மட்டும் மிச்சம். பூக்கட்டும் நூலை அவர் காலடியில் விட்டு, ரம்பம்போல இழுத்து இழுத்து, ஒரு கீறல் விழாமல் அறுத்து எடுத்தாய். "நீங்க வீட்டுல உட்கார்ந்து பார்த்துக்குங்க. பிரேக் அடிச்சா இவ மூஞ்சிலதான் வந்து விழுவீங்க," என்று அவரிடமே சொல்லி உன் சமையலறை அலமாரியில் வைத்தாய். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் நீ. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டை உள்ளே பற்றவைத்து, ஒற்றை சீட்டைப் பூட்டிய அன்று நீ வெறும் தகரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். கதவுத் தகட்டை விரலால் சுண்டினாய். "இவ்வளவுதானாடி? இதுக்கு அந்தப் பக்கம் ரோடு," என்றாய். "கூண்டு இருக்குல்ல, பெல்ட் இருக்குல்ல," என்றேன். தலையாட்டினாய். ஆனால் எழுந்திருக்கவில்லை.

சிப்பாங்கில் காலையிலேயே வெயில் கொளுத்தியது. பரிசோதகர் சீட்டை உலுக்கினார், பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், டார்ச் அடித்துத் தரையைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார். நான் உடை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது நீ காருக்குப் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாய். என் கண்ணைப் பார்க்கவில்லை. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகத்தான் போயின. பஞ்சும் கம்பளமும் இல்லாத காரில் எல்லாச் சத்தமும் நேரே மண்டைக்குள் இறங்கியது. ஒவ்வொரு கல்லும் தகரத்தில் அடித்தது. மூன்றாவது சுற்றில், நீளமான நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பாதியில் நின்றுவிட்டது. கால் இறங்கவில்லை. திருப்பம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் காலில் போட்டு மறுபடி மிதித்தேன். அடியில் ஏதோ வெடித்தது. பிரேக் பிடித்தது, ஆனால் ஷூவுக்கடியில் ஈரம், கால் வழுக்கியது. கார் தடத்தை விட்டு விலகிச் சரளைக்கற்களில் இறங்கி, உழுதுகொண்டே போய், டயர்ச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஹெல்மெட்டுக்குள் எலுமிச்சை வாசனை. செத்தால் இப்படித்தான் மணக்குமோ என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நசுங்கிய பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தோலில் குங்குமம் ஒட்டியிருந்தது. வீட்டில் அம்மாவோ அக்காவோ வைத்திருப்பார்கள் என்றுதான் கத்த ஆரம்பித்தேன். நீ குறுக்கே வந்தாய்.

"நான்தான்டி."

"என்னா?"

"செக் பண்ணி முடிச்சப்புறம் வச்சேன். காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். சீட்டு பிராக்கெட்டுல சொருகினேன். டைட்டாதான் இருந்துச்சு. ஆட்டிப் பார்த்தேன்..."

சாதாரணக் காராக இருந்திருந்தால் அந்தப் பழம் கம்பளத்தில் விழுந்து அங்கேயே கிடந்திருக்கும். எத்தனை பேர் காரில் சீட்டுக்கடியில் வாடிப்போய்க் கிடக்கிறது! நம் காரில் வெறும் தகரம். விழுந்தது உருண்டது. உருண்டது நேரே பிரேக்குக்கு அடியில் போயிற்று. இது என்னைவிட உனக்குத் தெரியும். அந்த நிமிடமே உன் முகத்தில் அது தெரிந்தது.

நான் விடவில்லை. பிள்ளையாரையே இறக்கிவிட்டவள், ஒரு சாக்கெட்டுக்காகச் சோறு போடாதவள் என்று எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். நீ டூல்பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். கிள்ளான் வரும்வரை, காரை ஏற்றிய லோரியில் இருவருக்கும் நடுவில் அந்த வாசனைதான் உட்கார்ந்து வந்தது.

அடுத்த முறை நான் சிப்பாங்குக்குப் போனபோது, கூப்பிடாமலே நீயும் வந்து நின்றாய். நான் உட்கார்ந்து பெல்ட் பூட்டியதும், தரையில் மண்டியிட்டு, பெடல்களுக்கு அடியில் கையைவிட்டு, மூலை முடுக்கெல்லாம் தடவினாய். வெறும் உள்ளங்கையை எனக்கு விரித்துக் காட்டினாய். நான் தலையாட்டிய பிறகுதான் விலகினாய். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மண்டியிட முடியாமல் உனக்கு மூச்சு வாங்கிய நாள்வரை. அந்த மூச்சிரைப்பை நாம் இருவருமே வெயில் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். உனக்குப் பேசவே சிரமமாக இருந்தது, ஆனாலும் எனக்குக் கேட்டாக வேண்டியிருந்தது. "அந்தப் பழத்தை ஏன்டி வச்ச?" என் பக்கம் தலையைத் திருப்பினாய்.

"உன்னைச் சுத்தி மெத்துன்னு இருந்தது எல்லாத்தையும் நான்தான் பிச்சு எடுத்தேன். ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. பயமா இருந்துச்சு. எதையாவது திருப்பி உள்ள வைக்கணும் போல இருந்துச்சுடி."

அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீ இருக்கும்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நேற்று ஐயரிடமிருந்து பழத்தை வாங்கிக்கொண்டேன். கைக்குட்டையில் சுற்றினேன். காருக்குப் போட்ட மாலையிலிருந்து பூக்கட்டும் நூலை உருவி, பின்சீட்டின் தலைச்சாய்மானக் கம்பியில் வைத்துக் கட்டினேன், ஒரு முடிச்சு போதாதென்று மேலும் மேலும் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பின்னால் வரிசையில் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று இறங்கி, புதுப் புடவையோடு தார் ரோட்டில் மண்டியிட்டு, பெடல்களுக்கு அடியில் கையைவிட்டுத் தடவினேன்.

"என்னாடி பண்ற, எல்லாரும் பாக்குறாங்க!" என்றாள் அம்மா.

எழுந்து சீட்டில் உட்கார்ந்தேன். உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தேன்.