கவிதா அக்கா வீட்டில் சத்தமே இல்லை

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். தறிக்குடோன் ஓட்டில் ஒழுக்கு. அடியில் வாளி. தறியில் பூட்டிய பாவு நூல் நனையாமல் சாக்கு போட்டு மூடியது நான்.

அண்ணன் போன் இன்னும் வரவில்லை. லீவு முடிந்து கிளம்பியது தீபாவளி கழிந்த வாரம். ரயிலில் இருக்கும் வரை பேசினான். பிறகு ஒரே ஒருமுறை, புது நம்பரிலிருந்து: "மேல போறோம். டவர் இருக்காது. பயந்துக்காதீங்க." அவ்வளவுதான்.

அண்ணிக்கு ஆறாவது மாதம். கால் வீங்குகிறது. பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அண்ணிக்குப் பதில் நான் போக வேண்டுமாம். பட்டாளத்தில் இருப்பவர்கள் வீட்டுப் பெண்களுக்காக சரவணம்பட்டியில் ஒரு மண்டபத்தில் மாதாமாதம் நடக்கிறது. நடத்துவது ரிட்டயர்டு சுபேதார் ஒருவரின் மனைவி. எல்லோருக்கும் அவர் மேடம்.

போக மாட்டேன் என்றேன். எழுந்து பெயர் சொல்லச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் டீச்சர்' சொல்வதற்கே பக்கத்தில் இருப்பவளைக் கெஞ்சுவேன். அப்பா தவறியதும் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற ஆள் இல்லையென்று பத்தாவதோடு நிறுத்தினார்கள். அழுதேன். ஆனால் இனி யாரும் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்பது நிம்மதியாகவும் இருந்தது.

அம்மா: "போயி உக்காந்து கேட்டுட்டு வந்து சொல்லு சாமி. வாயத் தொறக்கோணும்னு யாரு சொன்னா?"

நவம்பர் 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயப் போட்டேன். திரும்ப மழை. திரும்ப எடுத்தேன்.

அண்ணி இன்று சிரித்த முகம். மூன்று தோசை. காரணம் ஒரு போன்.

"உங்கண்ணன் நல்லா இருக்காங்களாம் சிந்து. காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லியாம்."

"யாருங்க அண்ணி சொன்னாங்க?"

"அன்னூர்ல கவிதான்னு ஒரு அக்கா. அவங்க ஊட்டுக்காரரும் உங்கண்ணன் யூனிட்டுத்தான். அவருக்கு மட்டும் அப்பப்ப லைன் கெடைக்குதாம். போன வாரத்துலருந்தே பேசறாங்க. நெம்பத் தங்கமான மனுஷி."

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா சாமி படத்தைப் பார்த்து, "அந்த மவராசி நல்லா இருக்கோணும்" என்றாள்.

வாங்க வேண்டியது: ஊசி, அரிசி மாவு, அண்ணிக்கு மாதுளை.

நவம்பர் 9, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் சீட். கடைசி வரிசை நாற்காலி. பெயர் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மேடம் விட்டுவிட்டார்.

அண்ணிக்குச் சொல்ல வேண்டியவை:
- ஒரு பையில் எல்லாச் சான்றிதழும், ஆஸ்பத்திரி சீட்டும். பை இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
- டிவி செய்தி ஒருவேளை போதும். நாள் முழுக்கப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.
- போன் வராத நாளை எண்ணக் கூடாது.
- யூனிபார்ம் போட்டோ ஸ்டேட்டஸில் கூடாது. (அண்ணி வைத்திருக்கிறாள். அண்ணன் கிளம்பிய அன்றிலிருந்து. அதே போனில்தான் தறிக்கு ஆள் வேண்டும் என்று வாட்ஸப் குரூப்பிலெல்லாம் நம்பர் போட்டிருக்கிறோம்.)
- எங்கே இருக்கிறார், எப்போது நகர்கிறார், எதில் போகிறார். இந்த மூன்றும் யாரிடமும் வாயில் வரக் கூடாது. சொந்தத் தம்பியிடமும்.

கடைசியாக மேடம் ஒரு விளையாட்டு வைத்தார். கையைக் காதில் வைத்து, தெரியாத ஆள் போன் பண்ணுவது போல. நாம் உடனே வைத்துவிட வேண்டும்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு என்னைக்குங்க கெளம்புனாரு?"

பொள்ளாச்சி அக்கா ஒருவர் எழுந்து, "தெரியலீங்க. வெச்சர்றேனுங்க" என்று முறைப்பாகச் சொன்னார். பிறகு, "நீங்க சாப்ட்டீங்களா?"

மண்டபமே சிரித்தது. மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "அவனெ எதுக்கம்மா சாப்டச் சொல்றீங்க?"

"கேக்காம எப்பிடிங்க மேடம் வெக்கறது? மூஞ்சில அடிச்சாப்ல இருக்குமல்லங்க?"

அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர், "ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். ஒருத்தராலும் வெறுமனே வைக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். மேடம் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"மெரட்டற ஆளு கூப்ட்டா நீங்க உஷாராயிருவீங்க. அவனுக்கு அது தெரியும். சாப்ட்டியா கண்ணுன்னு கேக்கற ஆளத்தான் உங்ககிட்ட அனுப்புவான்."

வரும் வழியெல்லாம் அது காதிலேயே.

நவம்பர் 11, செவ்வாய்

இருட்டடித்த வானம். கரண்ட் போய்ப் போய் வருகிறது. தறி ஓடவில்லை.

ஸ்டேட்டஸை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டாள். மற்றதையெல்லாம் ஒப்பித்தேன். "சரி சரி" என்று பீன்ஸ் நறுக்கினாள். அப்போதே க.அ. போன். (கவிதா அக்கா. இனி இப்படியே.) ஸ்பீக்கரில் போட்டாள்.

குரல் தேன் மாதிரி. "கால் வீக்கம் கொறஞ்சுதா கண்ணு? உப்பக் கொறச்சுக்கோ." பிறகு: "தம்பி கடசியாப் பேசறப்ப நெம்பக் குளுருதுன்னு சொன்னாரா? கூட எத்தன பேரு இருக்காங்கன்னாரா? எங்கூட்டுக்காரரு வாயே தொறக்க மாட்டாரு. அதான் உன்றகிட்டக் கேக்கறேன்."

க.அ. வீட்டுக்காரருக்குத்தான் லைன் கிடைக்கிறது, அவர்தான் அண்ணனைப் பற்றிச் சொல்கிறார் என்றார்கள். இப்போது அவர் வாயே திறக்க மாட்டார் என்கிறார்கள்.

அண்ணி தெரிந்ததைச் சொன்னாள். க.அ. அடுத்து: "வளகாப்பு எப்பக் கண்ணு? தம்பிக்கு அதுக்கு லீவு உண்டா?" அதற்கும் சொன்னாள், தை மாதம் என்று.

இன்னொன்று. தறி ஓடும்போது எங்களுக்குப் பேச்சு கேட்காது, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அதனாலோ என்னவோ, சத்தம் இல்லாவிட்டால் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். க.அ. வீட்டில் சத்தமே இல்லை. பஸ் ஹாரன் இல்லை. டிவி இல்லை. காக்கா கத்தவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளாம். பிள்ளைகள் எங்கே என்று அண்ணி கேட்டதற்கு, "தூங்குதுக." போன வாரம் கேட்டபோதும் தூங்கினவாம்.

அன்னூரிலும் இன்று இதே மழைதான் இருக்கும். அவர் பேசும்போது மழைச் சத்தமும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

தலை வலி. தார் மெஷின் பெல்ட் அறுந்தது.

அண்ணி குளிக்கப் போயிருந்தாள். போன் அடித்தது. க.அ. நிறுத்தத்தான் போனேன். ஈரக் கை. பச்சைப் பட்டனில் பட்டுவிட்டது.

"மேகலா?"

நான் பேசவில்லை.

"மேகலா இல்லியா? சிந்துதான? எனக்குத் தெரியுது. நீ பேச மாட்டேன்னு அண்ணி சொல்லியிருக்கா."

குளியலறைக் கதவையே பார்த்தேன்.

"அண்ணன் எந்தப் பக்கம் இருக்கறேன்னு உன்றகிட்டயாச்சும் சொன்னாரா கண்ணு? தங்கச்சின்னா உசுராச்சே."

அண்ணன் பெயர் கார்த்தி. எனக்குக் காது குத்தியபோது தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றியவன். அதையெல்லாம் அண்ணி சொல்லியிருப்பாளோ?

அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். பிறகு, மெதுவாக:

"சரி. சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேனுங்க."

அது மட்டும் வந்துவிட்டது. நீங்க சாப்ட்டீங்களா என்பதும் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வைத்துவிட்டேன்.

போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். அண்ணி வந்ததும், "யாரு?" என்றாள். "ராங் நம்பருங்க."

நவம்பர் 15, சனி

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அன்பாப் பேசற பொம்பளயச் சந்தேகப்படறயா? வயித்துப் புள்ளக்காரிக்கு இருக்கற ஆறுதலே அது ஒண்ணுதான். பேசாம இரு."

பேசாமல் இருப்பதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.

மத்தியானம் டிவியில் எல்லையில் ஏதோ என்று சிவப்புப் பட்டை. அம்மா சேனலை மாற்றினாள். மாற்றுவதற்குள் அண்ணி பார்த்துவிட்டாள். உடனே போனை எடுத்து க.அ.வைக் கூப்பிடப் போனாள். சார்ஜ் இல்லை. சார்ஜரைத் தேடினாள்.

சார்ஜர் தார்க்கூடைக்குள். வைத்தது நான்.

அம்மா போனிலிருந்து மேடத்துக்கு மெசேஜ். அடித்து அடித்து அழித்தேன். கடைசியில்: 'சோமனூர் கார்த்தியின் தங்கை. அண்ணன் யூனிட்டில் அன்னூர்க்காரர் யாராவது உண்டா? மனைவி பெயர் கவிதா.'

உடனே மேடம் கூப்பிட்டார். எடுக்கவில்லை. என்னால் முடியவில்லை. ராத்திரி மெசேஜ் வந்தது: 'சுபேதார் சார் விசாரித்துவிட்டார். இல்லை. நாளை வருகிறோம். அதுவரை அண்ணி அந்தப் போனைத் தொட வேண்டாம்.'

இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல மழை. மேடமும் சுபேதார் சாரும் ஸ்கூட்டரில். ரெயின்கோட்டிலிருந்து வீடு முழுக்கத் தண்ணீர். அம்மா காபி போட்டாள். சார் குடிக்கவில்லை.

மேடம் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டறதுக்கு வரலீங்க அம்மணி. என்னென்ன சொன்னீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அண்ணி சொன்னாள். எந்த ரயில். எந்த ஊரில் இறங்கினான். வண்டியிலிருந்து அனுப்பிய போட்டோ ஒன்று, அதைக் க.அ.வுக்கும் அனுப்பியிருக்கிறாள். கூட இருப்பவர்கள் பெயர்கள். தடிமனான சாக்ஸ் கேட்டது. சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். போட்டோ என்றதும் ஆட்டுவதை நிறுத்தினார்.

"வேற ஏதாச்சும்?" என்றார் மேடம்.

"இல்லீங்க." அண்ணி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

யூனிட்டுக்குச் சொல்லிவிடுவார்களாம். மேலே இருப்பவர்களுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நாள் ஆகலாமாம். கிளம்பும்போது மேடம் என்னிடம், "அடுத்த தடவ நான் கூப்ட்டா எடுக்கோணும். சரியா?" என்றார். தலையாட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

அண்ணி என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். க.அ. நம்பரை சார் தடுத்துவிட்டார். இருந்தும் அண்ணி போனையே பார்த்தபடி.

சாயங்காலம் அவளாகவே: "உங்கண்ணன் நல்லா இருக்காங்கன்னு சொல்றதுக்கு இருந்தது ஒரே ஆளு. அவளும் பொய்யின்னா, அப்ப அவங்க நல்லா இருக்கறதும் பொய்தான?"

அம்மா எழுந்து தறிக்குப் போய்விட்டாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், சிரித்த முகமாக இருக்கிறான். எல்லாம் அவள் சொன்னது. நாங்கள் அதை நம்பித்தான் தூங்கினோம். இப்போது எங்கள் கையில் எதுவும் இல்லை.

மாதுளை அழுகிவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை. வானம் மூடியே இருக்கிறது.

அண்ணன் கூப்பிட்டான்! சித்த நேரத்துக்கு முன். அண்ணி போனைக் காதில் வைத்து அழுதாள். நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். அதே குரல். லைன் கரகரவென்று.

"ஏ சிந்து, எதுக்கு உன்ற அண்ணி அழுவறா? நான் நல்லாத்தான இருக்கறேன். ஒரு வேலையாக் கீழ வந்தேன். இன்னிக்கே மேல போகோணும்."

"அண்ணா..."

"கேளு. கீழ வந்து போன ஆன் பண்றேன், மொத போனே அந்தக் கவிதாக்காதான். மேகலாதான் என்ற நம்பரக் குடுத்தாளாமா. என்ன பாசமாப் பேசறாங்க! வளகாப்புக்கு லீவு கேட்டிருக்கறதச் சொன்னேன். லீவுக்காரங்க எல்லாம் ஒரே வண்டியிலதான எறங்கறீங்கன்னாங்க, அவங்க ஊட்டுக்காரரும் அதுலதான் வாராராம். எந்தத் தேதி, எந்த ரோடுன்னு கேட்டாங்க. அவரு ஆருன்னு எனக்கு ஆளு புடிபடல. இருந்தாலும் நம்ம பக்கத்துக்காரங்க, அவ்வளவு மரியாதையாக் கேக்கறப்ப..."

"அண்ணா, சொல்லிட்டயா? அண்ணா!"

நான் கத்தினேன். தறிச் சத்தத்தையும் தாண்டி அம்மாவுக்குக் கேட்டது. ஓடி வந்தாள். லைன் போய்விட்டது.

அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நம்பரு நாந்தான் குடுத்தேன். அடிச்சுப் பாக்கறேன்னு சொன்னாங்க. மேடத்துகிட்ட அத மட்டும் சொல்லாம உட்டுட்டேன். சிந்து, மேடத்துக்குப் போடு. போடு சாமி."

போட்டேன். நானே பேசினேன். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எந்தத் தேதியில எறங்கறாங்களாம்? சார் உடனே யூனிட்டுக்குச் சொல்லோணும்."

"எங்ககிட்டச் சொல்லலீங்க மேடம். அவகிட்டத்தான் சொல்லியிருக்கறான்."

அண்ணி இப்போது என் அம்மாவின் போனில் அண்ணன் நம்பரைப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். போகவில்லை. மறுபடியும் போடுகிறாள்.