கறி சிவக்கும்வரை

அக்கா,

இன்று காலை மருமகள் குளிர்பெட்டியிலிருந்து ஆட்டுக்கறிப் பாக்கெட்டை எடுத்துக் கத்தரித்தாள். காற்றை உறிஞ்சிவிட்டு ஒட்டிய கவர். கறி ஊதாவும் கறுப்புமாக இருந்தது. அடைபட்டுக் கிடந்த வாடை குப்பென்று வந்தது. "கெட்டுப்போச்சு போல அத்தை, கொட்டிடட்டா?" என்று குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினாள். "கையை எடுடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பயந்தே போனாள். தட்டில் பரப்பி வை, காற்றுப் படட்டும், சிவக்கும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். கறி சிவந்தது, குழம்பு ஆயிற்று, எல்லோரும் சாப்பிட்டும் ஆயிற்று. எனக்குத்தான் அப்போதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உன்னிடம் நாலு வார்த்தை பேசினால்தான் அடங்கும். போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆன ஆளிடம் எப்படிப் பேசுவது? எழுதித் தொலைக்கிறேன்.

நான் சேலத்துப் பக்கமிருந்து எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளிக்கு வாழ வந்தபோது நீ மூத்த மருமகள், நான் இளையவள். நம் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்து ஒரு கறிக்கடை. கெலவரப்பள்ளிப் பக்கம் போய் ஆடு பிடித்து வருவார்கள். நீ மாமியாரிடம் தெலுங்கு, கடைக்கு வருகிறவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூச்சு விடாமல் மாற்றிப் பேசுவாய். நான் பேந்தப் பேந்த விழிப்பேன். "முழிக்காத புள்ள, உன்னைத் திட்டறதுன்னா தமிழ்லயே திட்டறேன்" என்பாய். சொன்னபடி திட்டவும் செய்தாய்.

ஞாயிற்றுக்கிழமை விற்காமல் நின்ற கறியைத் திங்கட்கிழமை சீந்த ஆள் இருக்காது. திங்களன்று பாதித் தெரு கறி தொடாது. அப்போது நம்மிடம் குளிர்பெட்டி ஒன்றும் கிடையாது. சாயங்காலம் வாய்க்காலில் கொட்டுவார்கள், நாய்கள் இழுத்துக்கொண்டு ஓடும். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாய். "கழுத்தை அறுத்ததுக்கு ஒரு மரியாதை வேணாமா? தின்னாத்தான் அது கறி. கொட்டினா கொலை." கறிக்கடைக்காரன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது என்று உன் வீட்டுக்காரர் சிரிப்பார்.

நீ வேலை பார்த்த பிளாஸ்டிக் கவர் கம்பெனிக்குக் கறி அடைக்கிற கவருக்கான ஆர்டர் வந்தது. காற்றை உறிஞ்சி வாயை ஒட்டுகிற மெஷினில் உன்னை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், பேய் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டாய். சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட கவரில் நம் கடைக் கறியையே அடைத்துப் பார்க்க அனுமதி வாங்கினாய். "டிரையல்னு சொல்லிக்கிறேன், கொண்டாம்மா" என்றாராம்.

முதல் தடவை என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? நம் ஊரில் கறி வாங்க வருகிறவர்கள் விரலை வைத்துத்தான் பார்ப்பார்கள். சூடு இருந்தால் புதுக்கறி. நீயும் அறுத்த சூடு ஆறாமல் அள்ளிக்கொண்டு ஓடி ஒட்டிக்கொண்டு வந்தாய். மறுநாள் கவர் பலூன் மாதிரி உப்பி நின்றது. பிரித்ததும் வீடே நாறியது. "நல்ல கறின்னு நெனச்சு சூட்டோட அடைச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் நிழலில் தொங்கவிட்டு, சூடு ஆறவிட்டு, ஐஸ்கட்டி வாங்கிப் போட்ட மரப்பெட்டியில் வைத்துக் குளிர்ந்த பிறகு அடைத்தாய். இரண்டு நாள் அந்தப் பெட்டியிலேயே வைத்திருந்து பிரித்தோம். கறுத்திருந்த கறி காற்றுப் பட்டதும் சிவந்தது, குழம்பு வைத்தோம். ஒரு குறையும் இல்லை. நீ அடுப்படியிலேயே ஒரு சுற்று ஆடினாய்.

நான்தான் கேட்டேன், "இந்தக் கவர் மக்காதேக்கா, மாடு தின்னுமே" என்று. "அதை ஒட்டறவளே நான், எனக்குத் தெரியாதா? கவரைப் போட்டா ஒரு கவருதான் குப்பை. கறியக் கொட்டினா ஆடு, அது தின்ன புல்லு, குடிச்ச தண்ணி அத்தனையும் குப்பை. கவர வாங்கி அலசி நானே கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன், உருக்கிக்குவாங்க. திருப்பித் தராதவங்களுக்கு அடுத்த வாரம் வெறும் எலும்பு!" என்றாய். ஆனாலும் அந்தக் கேள்வி உன்னை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. தேக்கிலை போதுமென்றால் இலையில்தான் கட்டுவாய்.

உகாதிக்கு மறுநாள் வருஷத்தொடக்கு, வீட்டுக்கு வீடு கறி ஆக்குகிற நாள். தெருவே சேர்ந்து ஆடு பிடித்து, அறுத்து, இலைமேல் கூறு போட்டுப் பங்கு எடுக்கும். உகாதிக்கு மட்டும்தான் கம்பெனிகள் லீவு விடும். தொடக்கன்று ஷிப்டு, அதன்மேல் ஓவர்டைம் என்று மாட்டிக்கொண்டவர்களின் பங்கு கடையில் கிடந்து வீணாகும், வருஷா வருஷம் சண்டை. அந்த வருஷம் அவர்கள் பங்கை நீ அடைத்து வைப்பதாகச் சொன்னாய். உன் வீட்டுக்காரர் அரை மனதாக ஒத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவைதான். கடை பேரு கெட்டுச்சுன்னா அன்னியோட சரி" என்றார். நீ என் காதில் சொன்னாய், "இது மட்டும் நடந்துச்சுன்னா புள்ள, இனி வாய்க்கால்ல ஒரு துண்டு விழாது."

தொடக்குக்கு மறுநாள் காலை அந்தப் பங்குக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். பொறுமை என்பது நம் தெருவில் யாருக்கு இருந்தது? கையில் வாங்கியதுமே கிழித்தார்கள். உள்ளே கறுத்த கறி, மேலே அந்த வாடை. முதலில் கத்தியவள் பின் வீட்டு ரத்னம்மா. "அய்யய்யோ, செத்த ஆட்டக் கூறு போட்டு நம்ம தலையில கட்டிட்டாங்களே!" கறிக்கடைக்காரன் வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை அது. "கொஞ்சம் இரு ரத்னம்மா, காத்துப் படாம கறுத்திருக்குது, விரிச்சு வெச்சா செவக்கும்" என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கெஞ்சினாய். யார் நின்றார்கள்? ஒவ்வொருவராகக் கடை வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். ரத்னம்மா மட்டும் வீசவில்லை. "இதை ஊருக்கே காட்டறேன்" என்று பாக்கெட்டோடு போனாள். உன் வீட்டுக்காரர் கிடந்ததை எல்லாம் கூடையில் வாரி வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தார்.

ஒரே ஒரு கூறை மட்டும் அவர் வாருவதற்குள் நீ எடுத்து இலையில் பரப்பினாய். நீயும் நானும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். வாடை போனது. ஓரத்திலிருந்து நிறம் மாறி, அப்போதுதான் அறுத்த மாதிரி பளிச்சென்று சிவந்தது. நீ இலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாய். இரண்டு கதவுகள் முகத்தில் அடித்த மாதிரி சாத்திக்கொண்டன. திரும்பி வந்து உன் வீட்டுக்காரரிடம் நீட்டினாய். "யாருக்குக் காட்டி என்ன? இனிமே கவரு கிவருன்னு கடைப்பக்கம் வந்துடாத" என்றார். நீ அழவில்லை. வாய்க்காலில் இறங்கி, கிழிந்த கவர்களை மாடு வாய் வைப்பதற்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்குத் தெருவையே கொளுத்தியிருப்பேன்.

அதற்கப்புறம் நீ பழைய ஆள் இல்லை. கம்பெனிக்குப் போனாய், வந்தாய். கடைப் பக்கம் தலை திருப்பவில்லை. திங்கட்கிழமை வாய்க்கால் பழையபடி நடந்தது, நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். மழைக்காலத்தில் காமாலை வந்தது. மந்திரித்துப் பாடம் போடுவதா, கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதா என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. இத்தனை அவசரம் எதற்கு உனக்கு?

அடுத்த தொடக்குக்கு முந்தின நாள் ரத்னம்மா வந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கும் ஓவர்டைம். எங்க பங்க அந்தக் கவர்ல போட்டு வெக்கிறீங்களாம்மா?" என்றாள். என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்டேன்.

"அன்னிக்கு எடுத்துட்டுப் போனேன் இல்ல, வீட்டுல தட்டுல போட்டு வெச்சேன். அக்கம்பக்கத்தக் கூப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள செவந்துடுச்சு. ஆக்கித் தின்னோம். நல்லாத்தான் இருந்துச்சு."

"அதை அன்னிக்கே வந்து சொல்றதுக்கென்ன?"

"அவ்வளவு கத்திட்டு, எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது?"

அவளை என்னென்னவோ பேசினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவள் அழுதாள். இருபது அடி தூரத்து வீட்டிலிருந்து உன்னிடம் வந்து சேராத அந்த ஒரு சொல்லை அன்றிலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். வாங்கிக்கொள் அக்கா. நல்லாத்தான் இருந்ததாம்.