சிரிக்கிற முகத்தைத் தொடுகிறாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாய். காதை மூடிக்கொண்டு போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போன் என் கையில் இல்லை, உன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நான் என்ன பேசுகிறேன் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாரிடமாவது போன் வாங்கி உன்னைக் கூப்பிடலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய், சொல்ல வேண்டியது ஒன்றும் வாயிலிருந்து வராது. மாப்பிள்ளையின் நண்பர் நாளை அங்கே கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

வார்டுக்கு வெளியே, லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த லிஃப்ட் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரு குலுக்குக் குலுக்குகிறது. பிரேக் தேய்ந்துவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். லிஃப்ட்காரரிடம் சொன்னேன். "ஏன் சார், நீங்க பேஷண்ட்டைப் பாக்க வந்தீங்களா, லிஃப்ட்டைப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னால் சரிசெய்ய முடிந்தது இந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதானே.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சாவி மாடிவீட்டு டெய்லரம்மாவிடம் இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி அம்மா கேட்டால் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிவிடு. செய்யவில்லை. வீட்டுக்கே போகவில்லை, குழாயை எங்கே பார்ப்பது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு உடம்பில் சத்து இல்லை, குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் உன்னிடம் சொல்லிவருவது பொய். ஆபரேஷனோடு போய்விட்டது என்று நினைத்த நோய் திரும்பி வந்துவிட்டது பாப்பா. இந்தத் தடவை முதுகெலும்பில். இனி குணமாக்க வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீ ஆராய்ச்சியை எழுதி முடிக்கிற நேரமாம், பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவாயாம். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவள் படுத்திருப்பது உன் வார்டில். வலி எவ்வளவு என்று நோயாளி தொட்டுக் காட்டுகிற உன் முக அட்டையை வைத்து ஆராய்ச்சி நடக்கிற அதே வார்டில்தான். என் பெண்ணுடைய அட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் படுப்பேன் என்று வாசலிலேயே பிடிவாதம் பிடித்தாள். ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று கேட்டபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். நோயாளியின் பெயரை மறைத்து எண்ணை மட்டும் உனக்கு அனுப்புவதால் உனக்குத் தெரியவில்லை. மகளிடம் சொல்லக்கூடாது என்று பெரிய சிஸ்டரிடமும் சொல்லிவிட்டாள். நான் அவரிடம் போய்க் கெஞ்சினேன். "பேஷண்ட் வேணாம்னு சொன்னா நாங்க வாயைத் திறக்கக்கூடாது சார், உங்க பொண்ணு கிளாஸ்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்" என்கிறார். இங்கே எதைக் கேட்டாலும் உன்னையே எடுத்து என் தலையில் போடுகிறார்கள்.

அந்த அட்டை உனக்கு நினைவிருக்கும். எனக்கு அது பிறந்த கதையும் நினைவிருக்கிறது. சமையலறை மேசையில் அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு முகமாக வரைந்தாய். சிரிக்கிற முதல் முகம் உடனே வந்துவிட்டது. கண்ணீர் விடுகிற ஆறாவது முகத்துக்குத்தான் அவளுக்கு அழுகை வரவில்லை. வெங்காயத்தை நறுக்கி அவள் மூக்குக்குக் கீழே நீட்டினாய். அவள் உன்னைத் திட்டிக்கொண்டே அழுதாள், நீ சிரித்துக்கொண்டே வரைந்தாய். இப்போது அந்த ஆறு முகமும் எல்லாக் கட்டில் கம்பியிலும் நாடாவில் கட்டித் தொங்குகின்றன. வந்த அன்றைக்கே பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், இது நான்தான், நன்றாகப் பாருங்கள் என்று பெருமையடித்துக்கொண்டாள்.

உன் அட்டையை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் பேச்சு வராது. ஐந்தாவது முகத்தைத் தொட்டார், நர்ஸ் ஓடிப்போய் டாக்டரிடம் கேட்டு ஊசி போட்டார், கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா தூங்கிவிட்டார். அட்டை வருவதற்கு முன்பு இப்படிப்பட்டவர்கள் முனகிக்கொண்டே கிடப்பார்கள் என்று ஆயாம்மா சொன்னார். கேட்டபோது எனக்கு உன்னை நினைத்துக் கண் கலங்கியது.

உன் அம்மாவும் முதல் நாள் ஐந்தாவது முகத்தைத்தான் தொட்டாள். அன்று மாலை நீ போனில் பேசினாய். அட்டை வைத்த வார்டில் வலி சீக்கிரம் குறைகிறதா என்பதுதான் என் கேள்வி, குறையவில்லை என்றால் இத்தனை வருட உழைப்பும் வீண்தான் அம்மா என்று அலுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை, நீ யாரிடம் சொல்கிறாய் என்று உனக்குத் தெரியாது. மறுநாள் காலை நர்ஸ் அட்டையை நீட்டியபோது உன் அம்மா மூன்றாவது முகத்தைத் தொட்டாள். அதற்கு மறுநாளிலிருந்து முதல் முகம்தான். சிரிக்கிற முகம்.

போன மாதம் நீ சந்தோஷமாகச் சொன்னாயே, அந்த வார்டில் எலும்பு வலியோடு வந்த ஒருவர் மூன்றே நாளில் முதல் முகத்துக்கு வந்துவிட்டார், அட்டை வேலை செய்கிறது அப்பா என்று. அந்த ஒருவர் உன் அம்மாதான் பாப்பா. நீ சொன்னதை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

செருப்புக் கடித்தால் தெருவையே கூட்டுகிறவள் அவள். அவளுக்குத் தலைவலி என்றால் டெய்லரம்மா மாத்திரையோடு வந்து நிற்பார், எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் அது தன் தலைவலியில் பாதிகூட இல்லை என்பாள். எத்தனை நாள் நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருக்கிறேன். இன்றைக்கு அவள் ஒரு தடவை வாய்விட்டுக் கத்தமாட்டாளா என்று காத்துக்கிடக்கிறேன். கத்தமாட்டேன் என்கிறாள். போர்வையைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். போர்வை ஓரம் நைந்துபோய்விட்டது. படுக்கையைத் தட்டிப்போட அவளைப் புரட்டும்போது அவள் முகம் போகிற போக்கை நீ அந்த ஆறில் எதிலும் வரையவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்லவர், உடனே ஊசிக்கு எழுதினார். வலியே இல்லாதவளுக்கு எதற்கு ஊசி என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். தெளிவாகப் பேசுகிறவளைப் பிடித்து அமுக்கியா ஊசி போட முடியும்? கூட நிற்பவர் சொல்வதைவிட நோயாளி சொல்வதைத்தான் நம்ப வேண்டும் என்று டாக்டர் எனக்கு விளக்கினார். அதுவும் உன் பாடம்தானாம். நான் இப்போது வெறுமனே கூட நிற்பவர்.

இங்கே கண்ணாடி போட்ட ஒரு சின்ன நர்ஸ் இருக்கிறாள், உன்னிடம் படித்தவள். அவளுக்கும் தெரிகிறது. நாடித்துடிப்பைப் பார்க்கிறாள், அம்மா போர்வையை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கிறாள், அட்டையைப் பார்க்கிறாள். துணி மாற்றும் அறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அங்கிள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க, எங்க மிஸ்ஸோட அம்மாவை இப்படிப் பாக்க முடியல" என்றாள்.

எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன், கடைசியில் கத்திக்கூடப் பார்த்தேன். "சும்மா இருங்க. பெத்தவ மூஞ்சிய வச்சே புள்ள தோத்துப்போகணுமா? எனக்கு எப்படியும் போற உசுரு, அவளுக்கு அப்படியா?" என்றாள். ஒரு ஆளால் உன் ஆராய்ச்சி கவிழ்ந்துவிடாது என்று நான் எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. உங்களுக்கு என்ன தெரியும், லிஃப்ட் மெக்கானிக்தானே என்று வாயை அடைத்துவிட்டாள்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. சின்ன நர்ஸ் அட்டையைப் பிடித்துக்கொண்டாள், நான் அம்மாவின் கையைத் தாங்கிக்கொண்டேன். விரலை மெதுவாக ஆறாவது முகத்துக்குக் கொண்டுபோனேன். வேண்டுமென்றேதான். எப்படியாவது ஒரு ஊசி போட்டுவிட மாட்டார்களா என்று. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தண்ணீர் டம்ளரைப் பிடிக்கமுடியாத அந்தக் கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. என் பிடியிலிருந்து விரலை இழுத்து, அட்டை முழுவதும் தேய்த்துக்கொண்டே போய், முதல் முகத்தில் வைத்தாள். வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். சின்ன நர்ஸ் எழுதாமல் நின்றாள். "எழுதும்மா" என்று உன் அம்மா அவளையும் விரட்டினாள்.

எனக்கு இனி ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அதனால்தான் உன்னிடம் வருகிறேன்.

உடனே கிளம்பி வா. உன் ஆராய்ச்சி எனக்கும் பெருமைதான், கெட்டுப்போகட்டும் என்று நினைக்கிறவன் நான் இல்லை. ஆனால் வா. அட்டையை நீயே நீட்டினால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எண்ணாதே, உன்னிடம்தான் இன்னும் அழகாகப் பொய் சொல்வாள். டீச்சராக வராதே. அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அம்மா, ஆராய்ச்சி முடிந்துவிட்டது, பாஸ் ஆகிவிட்டேன், இனி நீ எந்த முகத்தைத் தொட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல். பொய்தான். எங்களிடமிருந்து நீ கேட்ட பொய்களுக்குப் பதிலாக இந்த ஒன்றை எங்களுக்குக் கொடு. நீ சொன்னால் நம்புவாள். ஊசி போட்டுக்கொள்வாள். மிச்சம் இருக்கும் நாளில் ஒரு ராத்திரியாவது தூங்குவாள்.

டிக்கெட் கிடைக்கத் தாமதமானால், அதற்குள் போனில் கூப்பிட்டு இதையே சொல்லிவிடு. ஸ்பீக்கரில் கேட்பாள். நான் அங்கே ஒன்றும் தெரியாதவன்போல் நின்றுகொள்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசி. இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுங்கள் என்பாள். இத்தனை வருடமும் அவள் சொன்னதை எல்லாம் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை பாப்பா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா