ஒரே பாடம் எழுத வந்தவர்கள்

ஜெனீவா, 1925 தை

அன்புள்ள அப்பாவுக்கு, அகஸ்டினா கும்பிட்டு எழுதுறது. மாதா கிருபையில நல்லா இருக்கேன். உங்க இருமல் எப்படி? நமுனுகுலயில மழை விட்டுச்சா?

நம்ம தோட்டத்துத் துரைசாணியோட தம்பி இங்க சரித்திர வாத்தியார். பிரெஞ்சு வாத்தியார் ஒருத்தரும் ஜெர்மன் வாத்தியார் ஒருத்தரும் நாங்க தங்கியிருக்கிற அவர் வீட்டுக்கு வந்தாங்க. ரெண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த ரெண்டு நாடும் போட்ட பெரிய சண்டையைப் பத்தி ஒரே பாடம் எழுதணுமாம். யார் தொடங்கினதுன்னு பேச்சு வந்ததும் பிரெஞ்சுக்காரர் கோவிச்சு எழுந்து வெளிய போனார். அவர் இடிச்சதுல நான் கொண்டுபோன தேத்தண்ணி என் கையில கொட்டிருச்சு. லேசாத்தான் சுட்டது, பயப்படாதீங்க.

ஜெர்மன்காரர் பின்னாலயே போய், "உங்க மகனைப் போல என் மகனும் அந்தச் சண்டையிலதான் செத்தான்"னாராம். துரைசாணி சொன்னாங்க. ரெண்டு பேரும் பனியில நின்னுட்டு உள்ள வந்து எழுதினாங்க. யார் தொடங்கினதுங்கிற இடத்தை மட்டும் வெறுமையா விட்டுட்டாங்க.

குளிர்ல கால் வெடிச்சிருக்கு, கொஞ்சம் நல்லெண்ணெய் அனுப்புங்க. காகிதம் நீளமா எழுதுங்கப்பா. தமிழ் பேச ஆளில்லை, வாய்விட்டுப் படிச்சுக்குவேன். துரைசாணி பாப்பா அழுவுது, போறேன்.

உங்க மகள்
அகஸ்டினா