அம்மா வெட்டிய சீட்டு

என் சிரிப்புக்காரத் தம்பி தேவாவுக்கு,

சொன்னால் நம்ப மாட்டாய். உன் அக்கா சீட்டுக் கலைக்கிறாள். கலைப்பதுபோல் காட்டிவிட்டு, ஒரு சீட்டைக்கூட இடம் மாறவிடாமல் வைக்கிறாள். ஆமாம், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எதற்கெடுத்தாலும் சான்று கேட்கும் அதே அக்காதான்.

நீ இறந்த ஆண்டு சிலிபினில் இருக்கும் நம் வீட்டில் தீபாவளி இல்லை. இந்த ஆண்டு முறுக்குச் சுடலாம் என்று அம்மாவே சொன்னார். ஆனால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போதும் ஆடுகிற சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் சுருங்கிவிட்டது. "வேணாம்லா. அவன் இல்லாம என்னா ஆட்டம்? நான் போய் படுத்துக்கிறேன், நீங்க இருங்க."

அம்மா அந்த மேசைக்குத் திரும்பி வரவேண்டும். வேறு எந்த வழியும் எனக்குத் தோன்றவில்லை. அலமாரியிலிருந்து உன் சீட்டுக்கட்டை எடுத்தேன்.

கைப்பேசியில் காணொளி பார்த்துத்தான் உன் வித்தையைக் கற்றேன். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைச் சரசரவென்று பின்னவிட்டு, உள்ளே தள்ளுவதுபோல் தள்ளி, மறுபக்கம் உருவியெடுத்துப் பழைய வரிசையிலேயே வைக்கவேண்டும். சொல்வது எளிது. மதிய இடைவேளையில் என் சீட்டுகள் ஆய்வுக்கூடமெங்கும் பறந்தன. உடன் வேலை செய்யும் ரோஸ்னா, "காக், மைன் ஜூடி கெ?" என்று மலாயில் கேட்டுக் கண்ணை உருட்டினாள். சூதாட்டமில்லை, தம்பியின் வித்தை என்றேன். அவளும் குனிந்து பொறுக்கினாள். தெலுக் இந்தான் பஸ்ஸை ஓட்டிக் காய்ப்பேறிய கையால் நீ இதை எப்படித்தான் செய்தாய்?

நீ வித்தை காட்டும்போதெல்லாம் நான் உன் விரலையே முறைப்பேன். "கையப் பாக்காதக்கா, என் மூஞ்சியப் பாருக்கா, ப்ளீஸ்லா!" என்று கெஞ்சுவாய்.

தீபாவளியன்று சாப்பிட்டு முடித்ததும் மேசையில் துண்டை விரித்தேன். நான்கு ஏஸ்களையும் முன்பே மேலே அடுக்கியிருந்தேன். பெரியம்மா மகன் மணி அண்ணன் சும்மா இருப்பாரா? "வசந்தி சீட்டு கலைக்குதா! தள்ளி உக்காருங்கலா, ஆசிட் தெறிக்கப்போவுது!" அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அம்மா அறைவாசலுக்கு வந்து நின்றார்.

கலைத்தேன். ஒரு சீட்டும் பறக்கவில்லை. கட்டை வைத்து நிமிர்வதற்குள் மேசையருகே வந்துவிட்ட அம்மாவின் கை நீண்டது. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, யார் கலைத்தாலும் வெட்டுவது அம்மா. கேட்காமலே பாதிக் கட்டைத் தூக்கித் துண்டின்மேல் வைத்துவிட்டார். எந்தக் காணொளியிலும் அம்மா வரவில்லையே, தேவா!

வெட்டிய பாதி அடிக்குப் போகவேண்டும். பதற்றத்தில் நான் அதையே எடுத்து மறுபடி மேலே வைத்துவிட்டேன். பிடிபட்டோம் என்று நிமிர்ந்தால், ஒருவரும் கையைப் பார்க்கவில்லை. அம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவே தெரியாத இந்த முகத்தை!

"மேல இருக்கிறத எடுங்கம்மா."

ஏஸ். இன்னொரு ஏஸ். மூன்றாவது வந்ததும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்காவதைத் துண்டில் அறைந்தார். "அடிப்பாவி! நான் வெட்டுனேன்லா! நீயுமா?" மணி அண்ணன் முறுக்குத் தட்டைத் தட்டித் தாளம் போட்டார். அம்மா கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் படுக்கிற பேச்சே இல்லை. பொழுது சாயும்வரை ஆடினோம். எல்லோரையும் தோற்கடித்தது அம்மாதான்.

ஒரு சிக்கல். அம்மாவுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. "இனி நானே வெட்டுவேன், நானேதான் மேலயும் வைப்பேன்" என்கிறார். அதற்கு நீ என்ன செய்திருப்பாய்?

ஒரு வழி கண்டுபிடிப்பேன். எப்படிச் செய்தேன் என்று அம்மா எத்தனை முறை கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன். உன்மேல் ஆணை.

இனி உன் கையைப் பார்க்காத,
உன் அக்கா வசந்தி