ஐம்பத்திரண்டு பேர்

சென்னை-24
20-8-1984

அன்புள்ள ஆபிரகாமுக்கு ஏசுதாஸ் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நானும் செல்வமேரியும் குழந்தைகளும் சுகம். மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற கவலை எங்களுக்கு உண்டு. பெரியவள் இந்த வருஷம் இரண்டாம் வகுப்பு. நீ அனுப்பிய கலர் பென்சில் பெட்டியை இன்னும் தீராமல் வைத்திருக்கிறாள்.

உன் மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. அலுவலகத்தில் வேலை அதிகம் என்று நீயே ஒரு காரணம் எழுதி என்னை மன்னித்தும் விட்டாய். வேலை அதிகம் இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தை எழுதியாக வேண்டும். அதற்குப் பயந்துதான் ஒன்றரை வருஷமாக ஏர்மெயில் தாள்கூட வாங்காமல் இருந்தேன்.

பென்னலூர் தாண்டி, அந்த வார்ப்பட ஆலைக்காக நாம் இரண்டு பேரும் சாலையோரம் உட்கார்ந்து எண்ணியது உனக்கு மறந்திருக்காது. போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம். ஆலைக்கு அனுமதி கிடைக்க வேண்டுமானால் சாலையில் எவ்வளவு போக்குவரத்து, கேட்டை எங்கே திறக்கலாம் என்று நம் அலுவலகம் அறிக்கை கொடுக்க வேண்டும். நான் லாரியும் வண்டியும் எண்ணினேன். நீ சாலையைக் குறுக்கே கடக்கிற ஜனங்களை எண்ணினாய். ஊர் ஒரு பக்கம், குடிதண்ணீர்க் கிணறும் நிலமும் எதிர்ப்பக்கம். காலை ஆறிலிருந்து பத்துக்குள் நானூற்று முப்பத்தேழு பேர் என்று நீ கூட்டிப் போட்டதும் நானே ஆச்சரியப்பட்டேன்.

கிளியம்மாளையும் உனக்கு ஞாபகம் இருக்கும். இடுப்பில் குடத்தோடு நாலு தடவை போய் வந்தவள். “இன்னா சாரு, ஆடு மாடு மாதிரி எங்கள எண்ணிகினு கீறீங்க?” என்று கேட்டாள். உங்களுக்குச் சாலையைக் கடக்க நல்ல வழி வேண்டுமே, அதற்குத்தான் என்று நீ சொன்னாய். “அப்ப நான் வர்றப்பல்லாம் ஒரு கோடு போடு சாரு” என்று சிரித்துவிட்டுப் போனாள். நீயும் போட்டாய்.

அடுத்த வாரம் நீ விமானம் ஏறினாய். அதற்கு மறுநாள் பரசுராமன் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். உன் தாள் அவர் மேஜையில் இருந்தது. இந்த எண்ணிக்கை போனால் கேட்டை இரண்டு பர்லாங்கு தள்ளி வைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சுரங்கப்பாதை கேட்பார்கள், ஆலைக்காரர் நம்மை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்றார். “நடந்து போறவனெல்லாம் டிராபிக்காய்யா?” என்று கேட்டார். புதுத் தாள் ஒன்று எழுதச் சொன்னார். என் வேலை நிரந்தரமாகும் கடிதம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த மாதம் அது.

எழுதினேன், ஆபிரகாம். நானூற்று முப்பத்தேழை ஐம்பத்திரண்டாக்கினேன். கணக்கெடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி, உன் கையெழுத்தையும் நானே போட்டேன். ஆறு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்த கையெழுத்து, அச்சு அசலாக வந்தது. உன் பழைய தாளை அவர் கிழிக்கவில்லை. நான்தான் கிழித்தேன்.

அனுமதி வந்தது. ஊர்ப் பாதை சாலையில் ஏறுகிற அதே இடத்தில் கேட் வைத்தார்கள். இந்த வருஷம் சித்திரையில் ஆலை ஓடத் தொடங்கியது. ஜூன் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, உள்ளேயிருந்து வந்த லாரி திரும்பும்போது தண்ணீர்க் குடத்தோடு நின்ற கிளியம்மாளைத் தள்ளிவிட்டது. உயிர் தப்பியது. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். எங்கள் பாதைமேல் கேட் வைக்க யார் எண்ணிச் சொன்னது என்று கேட்டார்கள். விசாரணை வந்தது. பரசுராமன் சார் கொஞ்சமும் தயங்கவில்லை. எண்ணியவர் ஆபிரகாம் என்பவர், கவனக்குறைவாக எண்ணியிருக்கிறார், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நோட்டீஸ் மணிமங்கலத்துக்கு, உங்கள் வீட்டுக்கே போய்விட்டது.

உன் அம்மா அதை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தார்கள். அன்னபுஷ்பம் அம்மா அவ்வளவு தூரம் தனியாக வந்து நான் பார்த்ததில்லை. உனக்கு எழுதினால் வேலை செய்கிற இடத்தில் நீ கலங்குவாய் என்று எழுதவும் இல்லையாம். என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, “நீ கூடவே இருந்தவன்தானே தம்பி, எம் புள்ள தப்பா எண்ணியிருப்பானா?” என்று கேட்டார்கள். விசாரித்துச் சொல்கிறேன் அம்மா என்றேன். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். புண் ஆறாததால் கிளியம்மாளை இன்னும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். “நீ எங்கள எண்ணுன சாருதான? அந்த ஒசரமான சாரு எங்க?” என்று உன்னை விசாரித்தாள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்கும் கொடுத்தாள். பிறகு, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். “அந்தக் கணக்குல நான் கீறனா சாரு?”

இருக்கீங்கம்மா என்றேன். அந்தப் பொய்யையும் சொன்னேன்.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. போன திங்கட்கிழமை விசாரணைக்கு நானாகப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். பரசுராமன் சார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூலத்தாள் எங்கே என்று அதிகாரி கேட்டார், கிழித்துவிட்டேன் என்றேன். அப்படியானால் உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது, எண்ணியவரிடமிருந்து எழுத்து மூலம் வந்தால்தான் மேலே போக முடியும் என்றார். அதுவரை காலை வேளையில் அந்தக் கேட் வழியாக லாரி வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். வியாழக்கிழமை எனக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. செல்வமேரியும் அதைப் படித்தாள். மாலையில், “ஆபிரகாம் அண்ணனுக்கு இத எப்படி எழுதப் போறீங்க?” என்று கேட்டாள்.

நேற்று ஆராதனை முடிந்ததும் மணிமங்கலம் போனேன். அம்மா சாப்பாடு போட இலை எடுத்தார்கள். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அம்மா இலையை மடித்து ஓரமாக வைத்தார்கள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “அவனுக்கு எழுதினியா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். “மொதல்ல அவனுக்கு எழுது. அப்புறமா என் மூஞ்சில முழி” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ எண்ணியது எத்தனை, எந்தத் தேதி, எந்த நேரம் என்று உன் கையால் எழுதி, அங்கே யாரிடம் சான்று வாங்க முடியுமோ வாங்கி அனுப்பு. விசாரணை அலுவலக முகவரியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எழுதும்போது பழைய சிநேகிதத்தை நினைத்து ஒரு வார்த்தையும் குறைத்து எழுதாதே. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று எழுதிவிடாதே. ஏசுதாஸ் என்று எழுது. உனக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் உனக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு நீயே தனியாக ஒரு கடிதம் போடு. நீ சரியாகத்தான் எண்ணினாய் என்பதை உன் எழுத்தில் பார்த்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். எனக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் வேண்டாம்.

கிளியம்மாளை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்குள் அவளிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். முடிந்தால், எனக்காக இல்லை, அவளுக்காக ஒரு ஜெபம் பண்ணு.

நீ செய்கிற வேலையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

நண்பன் என்று எழுதக் கை வராத,
ஏசுதாஸ்