ஏறாத வலது கை

மார்ச் 14, சனிக்கிழமை

தங்கச்சி கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை உப்பளம் ஏரியாவுல செல்வி அக்கா கடையிலயே போட்டுப் பார்த்தேன். இடது கை ஏறிடுச்சு. வலது கை பாதியிலயே நின்னுடுச்சு.

"ரெண்டுக்கும் ஒரே அளவா வெச்ச?" அம்மா கத்துச்சு.

"தீபாவளிக்கு எடுத்த அளவுதான். அப்ப ஒண்ணாத்தானே இருந்துச்சு?"ன்னுச்சு அக்கா.

உண்மைதான். ஆசியப் போட்டியில குண்டு எறிஞ்சு பதக்கம் வாங்கின கை, தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் மெலிஞ்சு இடது கை மாதிரியே ஆயிடுச்சு. இனிமே அவ்வளவுதான்னு நானே பாதி நம்பிட்டேன். அடுத்த மாசம் உலகப் போட்டிக்குத் தேர்வு. அந்தக் கை இப்ப ஜாக்கெட்டுக்குள்ள அடங்கல.

"பிரிச்சு நல்லா தாராளமா விடுக்கா, கல்யாணத்துக்குள்ள இன்னும் பெருக்கும்"னேன். அம்மா தலையில அடிச்சுக்கிச்சு.

ராத்திரி என் தட்டுல மட்டும் ரெண்டு முட்டை கூடுதலா இருந்துச்சு.